மக்கள் நெருக்கம் மிகுந்த நகரங்களில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுத்திகரிப்பு நிலையத்தைப் பார்க்க வருபவர்கள் பெரும்பாலும் ஒரே விதமான கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். உள்ளே வரும் நீர் கறுத்துக் கிடக்கிறது, வெளியே போகும் நீர் தெளிந்திருக்கிறது. இடையில் அந்த அழுக்கு எங்கே போயிற்று என்பதே அவை எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் கேள்வி. கீழே உள்ள விடைகளும் அதையே பின்தொடர்கின்றன. சுத்திகரிப்பு என்ற சொல் தரும் எண்ணத்துக்கு மாறாக, அழுக்கில் ஒரு பகுதிதான் இல்லாமல் போகிறது. மற்றதெல்லாம் இடம் மாறுகிறது.

கழிவுநீரில் என்னதான் இருக்கிறது?

பெரும்பாலும் நீர்தான். வீடுகளிலிருந்து வரும் கழிவுநீரில் 99.9 சதவீதம் நீர். ஆயிரம் லிட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ மட்டுமே பிற பொருள்கள். அந்த ஒரு கிலோவில் மலம், கொழுப்பு, சோப்பு, காகித நார், மணல், கரைந்த உப்புகள், நைட்ரஜன் மற்றும் பாஸ்பரஸ் சேர்மங்கள், இவற்றோடு கோடிக்கணக்கான நுண்ணுயிர்களும் இருக்கின்றன. இத்தனை சிறிய அளவு ஏன் ஓர் ஆற்றையே கொல்கிறது என்பதற்கு விடை, அதைத் தின்னும் பாக்டீரியாக்கள் நீரில் கரைந்திருக்கும் உயிர்வளியை, அதாவது ஆக்சிஜனை, செலவழிப்பதில் இருக்கிறது. ஒருவர் ஒரு நாளில் வெளியேற்றும் கழிவு சுமார் 60 கிராம் உயிர்வளியைக் கேட்கும். 10 லட்சம் பேர் வாழும் பகுதிக்கு இது நாளொன்றுக்கு 60 டன். 25 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நீர் அதிகபட்சம் 8 மில்லிகிராம் அளவுக்கே உயிர்வளியைத் தாங்கும் என்பதால், அந்த 60 டன் 750 கோடி லிட்டர் நல்ல நீரை ஒரே நாளில் மூச்சற்றதாக்கப் போதும்.

அறிக்கைகளில் வரும் பிஓடி என்பது என்ன?

மேலே சொன்ன உயிர்வளித் தேவையின் அளவுதான் அது. கழிவுநீர் மாதிரியைப் புட்டியில் அடைத்து, 20 டிகிரி வெப்பத்தில் இருட்டில் ஐந்து நாள் வைத்து, எவ்வளவு உயிர்வளி குறைந்தது என்று பார்க்கிறார்கள். சுத்திகரிக்காத வீட்டுக் கழிவுநீரில் இது லிட்டருக்கு 200 முதல் 300 மில்லிகிராம் வரை இருப்பது வழக்கம். தண்ணீரைச் சிக்கனமாகப் பயன்படுத்தும் பகுதிகளில், கரைக்க நீர் குறைவு என்பதால், இன்னும் கூடும். பிரிட்டனின் அரச ஆணையம் 1912-இல் வெளியேற்றும் நீருக்கு லிட்டருக்கு 20 மில்லிகிராம் பிஓடி, 30 மில்லிகிராம் கரையாமல் தொங்கிநிற்கும் திடப்பொருள் என்ற வரம்பை முன்வைத்தது. ஆனால் அந்த நீர் குறைந்தது எட்டு மடங்கு தூய ஆற்றுநீரில் கலக்கும் என்ற கணக்கின் மேல் நிற்கும் எண்கள் அவை. எட்டு மடங்கு நல்ல நீர் ஓடாத ஆற்றங்கரை நகரங்களிலும் அதே எண்களைக் காட்டி, வரம்புக்குள்தான் இருக்கிறோம் என்று சொல்லிக்கொள்வது இன்றும் நடக்கிறது.

ஐந்து நாள் கழித்து விடை வரும்போது அந்த நீர் எப்போதோ ஆற்றில் சேர்ந்திருக்கும். அதனால்தான் நிலையத்தை அன்றாடம் ஓட்டுபவர்கள் உயிர்வளித் தேவையை வேதிப்பொருளால் அளந்து சில மணி நேரத்தில் முடியும் சிஓடி சோதனையையும், தொட்டியில் கரைந்திருக்கும் உயிர்வளியின் அளவையும் நம்பியிருக்கிறார்கள்.

நெருக்கமான நகரத்தில் இந்த வேலை ஏன் கடினமாகிறது?

இடமில்லை என்பது முதல் காரணம். பரந்த நிலம் கிடைக்கும் ஊரில் ஆழமற்ற குட்டைகளை வெட்டிக் கழிவுநீரை வாரக்கணக்கில் வெயிலிலும் பாசியிலும் விட்டுவைத்தால் செலவின்றியே நல்ல பலன் கிடைக்கும். நகரத்தில் அதே நீருக்குச் சில மணி நேரமும் சில ஏக்கர் நிலமும்தான் கிடைக்கும். மீதியை மின்சாரமும் கருவிகளும் ஈடுகட்ட வேண்டும்.

நிலத்துக்கு மாற்றாக நகரங்கள் மேலேயும் கீழேயும் தேடியிருக்கின்றன. ஸ்டாக்ஹோமின் ஹென்ரிக்ஸ்டால் நிலையம் 1941 முதல் பாறைக்குள் குடைந்த குகைகளில் இயங்குகிறது. ராட்டர்டாமின் டோக்ஹாவன் நிலையம் 1987-இல் பழைய கப்பல்துறைப் பள்ளத்துக்குள் கட்டப்பட்டது. அதன் கூரை இன்று பூங்கா. டோக்கியோவின் ஷிபாவுரா நிலையத்தின் மேல் பூங்காவும் அலுவலகக் கோபுரமும் நிற்கின்றன. ஹாங்காங்கின் ஸ்டோன்கட்டர்ஸ் தீவில் படிவுத் தொட்டிகளையே ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு அடுக்காகக் கட்டியிருக்கிறார்கள். அங்கே கழிவறைகளுக்குப் பெரும்பாலும் கடல்நீரையே விடுகிறார்கள் என்பதால் நிலையத்துக்கு வருவதும் உப்புநீர்தான். கான்கிரீட்டும் இரும்பும் அதற்கேற்றபடி அமைய வேண்டியிருக்கிறது.

ஆனால் இடத்தைவிடப் பெரிய சிக்கல், கழிவுநீர் நிலையத்துக்கு வந்து சேர்வதே. நிலையம் இருக்கிறது, வரவேண்டிய நீர் வரவில்லை என்பது உலகின் பல நகரங்களில் காணப்படும் நிலை. வீட்டிணைப்பு கொடுக்கப்படாமல் விட்ட தெருக்கள், உடைந்த குழாய்கள், மழைநீர் வடிகாலுக்குள் திருப்பிவிடப்பட்ட இணைப்புகள், எங்கே கொட்டுகின்றன என்று யாரும் பார்க்காத கழிவுநீர் லாரிகள் ஆகிய எல்லாமே நிலையத்தைத் தொடாமல் நீர்நிலையை அடையும் வழிகள். நிலையத்தின் கொள்ளளவை மட்டும் பார்த்து ஒரு நகரத்தை எடைபோடக் கூடாது.

பாதாளச் சாக்கடைக்குள் என்ன நடக்கிறது?

பெரும்பாலான குழாய்களில் நீர் சரிவினால் மட்டுமே ஓடுகிறது. ஓட்டம் நொடிக்கு 0.6 மீட்டருக்குக் குறைந்தால் மணலும் மலமும் அடியில் தங்கத் தொடங்கும். ஆகவே குழாய் போகப்போக ஆழமாகிக்கொண்டே இருக்க வேண்டும். மேலும் தோண்ட முடியாத ஆழம் வந்ததும் அங்கே ஒரு நீரேற்று நிலையம் வைத்து நீரை மேலே தூக்கி, மறுபடியும் சரிவைத் தொடங்குகிறார்கள். மின்சாரம் நின்றால் முதலில் பொங்குவது இந்த நீரேற்று நிலையங்களுக்கு மேல்பக்கத்தில் உள்ள தாழ்வான தெருக்களே.

நீண்ட குழாயில் உயிர்வளி தீர்ந்துபோனதும் வேறு வகைப் பாக்டீரியாக்கள் நீரில் உள்ள சல்பேட்டைப் பிடித்துக்கொண்டு ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை உண்டாக்குகின்றன. அந்த வாயு குழாயின் மேற்புற ஈரத்தில் படிந்து, இன்னொரு வகைப் பாக்டீரியாவால் கந்தக அமிலமாகிறது. அதனால்தான் பழைய கான்கிரீட் குழாய் கழிவு ஓடும் அடிப்பகுதியில் உறுதியாக இருக்க, நீரே படாத உச்சிப் பகுதி மாவாக உதிர்ந்து ஒரு நாள் சாலையோடு உள்வாங்குகிறது.

இதே வாயுதான் ஆளிறங்கும் குழிகளில் உயிரைப் பறிப்பது. மிகச் சிறிய அளவில் அழுகிய முட்டையைப் போல நாறும். பத்து லட்சத்தில் 100 பங்கு என்ற அளவை எட்டும்போது மோப்பத்தையே மரக்கச் செய்துவிடும். நாற்றம் நின்றுவிட்டது, ஆபத்தில்லை என்று இறங்குபவர் நினைக்கும் அந்த நிமிடமே ஆபத்து உச்சத்தில் இருக்கிறது. விழுந்தவரைத் தூக்க அடுத்தவர் இறங்குவார், அவரைத் தூக்க இன்னொருவர். அடைப்பெடுக்க மனிதரைக் குழிக்குள் இறக்குவதற்கு எந்தத் தொழில்நுட்பக் காரணமும் இல்லை. நீர்ப்பீச்சுக் குழாயும், உறிஞ்சும் வண்டியும், உள்ளே நகரும் கேமராவும் அந்த வேலைக்கென்றே இருக்கின்றன.

மழைநீரையும் கழிவுநீரையும் ஒரே குழாயில் விடலாமா?

பழைய நகரங்கள் பலவற்றில் அப்படித்தான் இருக்கிறது. 1858 கோடையில் தேம்ஸ் ஆற்றின் நாற்றம் தாங்காமல் லண்டன் தவித்த பிறகு, பொறியாளர் ஜோசப் பசல்கெட் அமைத்த பெருங்குழாய்கள் இரண்டையும் சேர்த்தே நகருக்குக் கிழக்கே கொண்டுபோயின. கொண்டுபோயினவே தவிர, சுத்திகரிக்கவில்லை. சிகாகோ 1900-இல் தன் ஆற்றின் ஓட்டத்தையே கால்வாய் வெட்டித் திருப்பியது. மிச்சிகன் ஏரியைக் காத்த அந்த வேலை கீழ்ப்பக்கத்து ஊர்களுக்கு அழுக்கை அனுப்பியது. இடம் மாற்றுவதும் தூய்மையாக்குவதும் ஒன்றல்ல என்பதை நகரங்கள் கற்றுக்கொள்ள நெடுங்காலம் ஆயிற்று.

ஒரே குழாய் அமைப்பில் கனமழையின்போது நிலையம் தாங்காத நீர் அப்படியே ஆற்றில் வழியும். அதைத் தடுக்கத்தான் லண்டனில் 25 கிலோமீட்டர் நீளமும் 7.2 மீட்டர் விட்டமும் கொண்ட புதிய சுரங்கத்தை ஆற்றின் கீழ் அமைத்து 2025-இல் முழுமையாக இணைத்தார்கள். தனித்தனிக் குழாய்கள் உள்ள நகரங்களிலும் நடைமுறை வேறுதான். மொட்டைமாடி மழைநீரைச் சாக்கடை மூடியைத் திறந்து உள்ளே விடும் பழக்கம் இருக்கும்வரை மழை நாளில் அங்கேயும் தெருவில் கழிவுநீர் பொங்கும்.

நிலையத்துக்குள் நீர் என்னென்ன கட்டங்களைக் கடக்கிறது?

முதலில் கம்பிச் சல்லடை. சல்லடையின் பற்கள் சுழன்று மேலே வரும்போது அவற்றில் தொங்குபவற்றைச் சில நிமிடம் நின்று பார்த்தால் ஒரு நகரத்தின் பழக்கங்கள் தெரியும்: முறுக்கிக்கொண்ட ஈரத்துடைப்பான்கள், சானிட்டரி நாப்கின்கள், தலைமுடிப் பந்துகள், பிளாஸ்டிக் உறைகள், எப்படி உள்ளே வந்தது என்று விளங்காத ஒற்றைச் செருப்பு. அடுத்த தொட்டியில் ஓட்டத்தைச் சற்றுக் குறைத்து மணலை மட்டும் கீழே விழச் செய்கிறார்கள். இதை ஒழுங்காகச் செய்யாவிட்டால் பின்னால் உள்ள பம்புகளின் இறக்கைகளை மணல் தேய்த்துத் தின்றுவிடும்.

பிறகு முதல்நிலைப் படிவுத் தொட்டி. சுமார் இரண்டு மணி நேரம் நீர் கலங்காமல் மெதுவாக நகரும்போது, தொங்கிநிற்கும் திடப்பொருளில் பாதிக்கு மேல் அடியில் சேர்கிறது. பிஓடியில் கால்வாசி முதல் மூன்றில் ஒரு பங்கு வரை குறைகிறது. எஞ்சியிருப்பது கரைந்த அழுக்கு. எவ்வளவு நேரம் நிறுத்தினாலும் அது படியாது. அதைத் தின்ன உயிர்கள் வேண்டும்.

அந்த உயிர்களை வளர்க்கும் இடமே காற்றூட்டத் தொட்டி. தொட்டியின் அடியிலிருந்து நுண்குமிழ்களாகக் காற்றை ஊதி, லிட்டருக்கு ஏறத்தாழ 2 மில்லிகிராம் உயிர்வளி எப்போதும் இருக்கும்படி பார்த்துக்கொண்டால், பாக்டீரியாக்கள் கரைந்த அழுக்கைத் தின்று பெருகித் திரள் திரளாக ஒட்டிக்கொள்ளும். அடுத்த படிவுத் தொட்டியில் அந்தத் திரள்கள் கீழே இறங்க, மேலே தெளிந்த நீர் வழிந்தோடுகிறது. கீழே இறங்கிய கசட்டின் பெரும்பகுதியை மறுபடியும் காற்றூட்டத் தொட்டிக்கே திருப்புகிறார்கள். முறையின் சூட்சுமம் இந்தத் திருப்பலில்தான் இருக்கிறது: நீர் சில மணி நேரத்தில் போய்விடுகிறது, அதைத் தூய்மையாக்கும் உயிர்களோ பல நாள் தங்குகின்றன. தின்னப்பட்டதில் ஏறத்தாழ பாதி கரியமில வாயுவாகக் காற்றில் போகிறது. மற்ற பாதி புதிய பாக்டீரியா உடல்களாக, அதாவது கசடாக, மிஞ்சுகிறது.

அந்த நுண்ணுயிர்களை விலைக்கு வாங்கிப் போட வேண்டுமா?

வேண்டியதில்லை. அவை கழிவுநீரிலேயே வருகின்றன. மான்செஸ்டரில் எட்வர்ட் ஆர்டெர்னும் வில்லியம் லாக்கெட்டும் 1914-இல் வெளியிட்ட கண்டுபிடிப்பின் சாரமே அதுதான்: காற்றூட்டி முடித்ததும் அடியில் படிந்த கசட்டைக் கொட்டாமல் வைத்துக்கொண்டு, அதன் மேலேயே புதிய கழிவுநீரை விட்டுக் காற்றூட்டினால், வாரக்கணக்கில் ஆன வேலை சில மணி நேரத்தில் முடிந்தது. செயலூட்டப்பட்ட கசடு என்று அவர்கள் வைத்த பெயரே நின்றுவிட்டது. சிறு நிலையங்களுக்குப் பொடிகளை விற்பவர்கள் பலர் உண்டு. புதிதாகத் தொடங்கும் தொட்டிக்கு, நன்றாக ஓடும் இன்னொரு நிலையத்திலிருந்து ஒரு லாரிக் கசட்டைக் கொண்டுவந்து ஊற்றுவது அந்தப் பொடிகளைவிடப் பயனுள்ளது.

கசட்டின் உடல்நிலையை அறிய எளிய வழி ஒன்று உண்டு. ஒரு லிட்டர் கண்ணாடி உருளையில் காற்றூட்டத் தொட்டி நீரை மொண்டு மேசைமேல் வைக்க வேண்டும். சில நிமிடங்களில் பழுப்புத் திரள்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு ஒரு திரை இறங்குவதுபோல இறங்கும்; மேலே நீர் தெளியும். 30 நிமிடத்தில் கசடு 200 முதல் 300 மில்லிலிட்டர் கோட்டில் நின்றால் பெரும்பாலும் கவலையில்லை. 800-இல் நின்றால், இழைபோல் நீளும் பாக்டீரியாக்கள் பெருகித் திரள்களைப் பஞ்சாக்கிவிட்டன என்று சந்தேகிக்கலாம். அரை மணிக்குள் நன்றாக இறங்கி, ஒரு மணி நேரம் கழித்து முழுக் கசடும் கட்டியாக மேலே எழும்பினால் அது வேறு கதை: அடியில் நைட்ரேட் சிதைந்து நைட்ரஜன் குமிழ்கள் அதைத் தூக்குகின்றன. விலையுயர்ந்த கருவிகள் நிறைந்த நிலையத்திலும் அனுபவமுள்ள இயக்குநர் காலையில் முதலில் பார்ப்பது இந்த உருளையைத்தான். அடுத்தபடியாக நுண்ணோக்கி. அதில் காம்பில் ஆடும் மணி வடிவ வோர்டிசெல்லா என்ற ஒற்றைச் செல் உயிர்கள் நிறையத் தெரிந்தால் தொட்டி நலமாக இருக்கிறது என்று பொருள்.

பிஓடி குறைந்துவிட்டால் போதாதா, நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் ஏன் நீக்க வேண்டும்?

அவை பாசிக்கும் ஆகாயத்தாமரைக்கும் உரம். ஏரியிலோ தேங்கிய கழிமுகத்திலோ விட்டால் நீர்ப்பரப்பைப் பச்சை மூடிவிடும். அந்தப் பாசி மடிந்து அழுகும்போது உயிர்வளி மறுபடியும் தீரும், அதாவது நீக்கிய பிஓடி வேறு உருவத்தில் திரும்பி வரும். அம்மோனியாவும் மீன்களுக்கு நஞ்சு.

அம்மோனியாவை நைட்ரேட்டாக்கும் பாக்டீரியாக்கள் மெதுவாக வளர்பவை; கசட்டை அவசரமாக வெளியேற்றினால் அவை பெருகும் முன்பே கழுவப்பட்டுவிடும். ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனுக்கு 4.57 கிராம் உயிர்வளி தேவைப்படுவதால் மின்கட்டணமும் ஏறும். பிறகு அந்த நைட்ரேட்டைக் காற்றில்லாத பகுதிக்கு அனுப்பினால், மற்ற பாக்டீரியாக்கள் அதிலுள்ள உயிர்வளியை எடுத்துக்கொண்டு நைட்ரஜனை வாயுவாக விட்டுவிடும். நாம் மூச்சிழுக்கும் காற்றிலேயே ஐந்தில் நான்கு பங்கு அந்த வாயு என்பதால், அழுக்கு உண்மையிலேயே தொல்லையற்ற ஒன்றாக மாறும் இடம் இது. பாஸ்பரஸுக்கு அப்படி ஒரு வாயு வடிவம் இல்லை. அது கசட்டுக்குள் போயே தீர வேண்டும்.

இடம் குறைந்த நகருக்கு எந்த முறை சிறந்தது?

சவ்வுவடிகட்டி உயிர்வினைக்கலன், அதாவது எம்பிஆர், மிகக் குறைந்த இடத்தில் மிகத் தெளிந்த நீரைத் தரும். இரண்டாம் படிவுத் தொட்டியை நீக்கிவிட்டு, ஒரு மைக்ரானிலும் சிறிய துளைகள் கொண்ட சவ்வுகளின் வழியே நீரை உறிஞ்சுவதால், தொட்டியில் கசட்டின் அடர்த்தியை மூன்று மடங்கு வரை கூட்டலாம். விலை, மின்சாரம், சவ்வைக் கழுவும் வேதிப்பொருள், சில ஆண்டுகளுக்கொருமுறை சவ்வை மாற்றும் செலவு ஆகியவை எதிர்ப்பக்கம். எஸ்பிஆர் முறை, நிரப்புதல், காற்றூட்டல், படிதல், வடித்தல் ஆகிய அனைத்தையும் ஒரே தொட்டியில் மாறி மாறிச் செய்து இடத்தைச் சேமிக்கிறது. பிளாஸ்டிக் துண்டுகளின்மேல் நுண்ணுயிர்ப் படலத்தை வளர்க்கும் எம்பிபிஆர், பழைய தொட்டியின் திறனைக் கூட்டக் கைகொடுக்கும். நெதர்லாந்தின் டெல்ஃப்டில் உருவான மணிக்கசடு முறையில் பாக்டீரியாக்கள் பஞ்சுத் திரளாக இல்லாமல் இறுகிய மணிகளாக வளர்ந்து வெகு வேகமாகப் படிகின்றன.

எந்தப் பெயர்ப்பலகை என்பதைவிட, இரவு இரண்டு மணிக்குக் காற்றூதி நின்றால் அதைச் சரிசெய்யத் தெரிந்த ஆளும் மாற்று உதிரிபாகமும் அங்கே இருக்கின்றனவா என்பதே பலனைத் தீர்மானிக்கிறது. சாதாரண முறையை ஒழுங்காக ஓட்டும் நிலையம், புதுமையான முறையைத் தட்டுத்தடுமாறி ஓட்டும் நிலையத்தைவிட எப்போதும் நல்ல நீரைத் தரும்.

ஒரே பெரிய நிலையமா, குடியிருப்புதோறும் சிறு நிலையமா?

பெரிய நிலையத்தில் திறமையான ஆட்களை வைக்கலாம், கசட்டிலிருந்து எரிவாயு எடுக்கலாம், நீரின் ஏற்றத்தாழ்வு தொட்டியின் அளவிலேயே சமன்பட்டுவிடும். சிங்கப்பூர் 2008-இல் முடித்த முதற்கட்ட ஆழ்சுரங்கம் 48 கிலோமீட்டர் நீளத்துக்குக் கழிவுநீரைச் சரிவிலேயே சாங்கி நிலையத்துக்குக் கொண்டுபோகிறது. இடைப்பட்ட நீரேற்று நிலையங்களும் பழைய நிலையங்களும் பிடித்திருந்த நிலம் விடுபட்டது. சிறு நிலையத்தின் நன்மை, நீரைப் பயன்படுத்தும் இடத்திலேயே அது திரும்பக் கிடைப்பது. தோட்டத்துக்கும் கழிவறைக்கும் அந்த நீரை உண்மையிலேயே பயன்படுத்தத் தனிக்குழாய் போட்டிருந்தால் சிறு நிலையம் பொருளுள்ளது. அனுமதி பெறுவதற்காக மட்டும் அடித்தளத்தில் கட்டி, ஓசைக்கும் மின்கட்டணத்துக்கும் அஞ்சி இரவில் காற்றூதியை அணைத்துவிடும் நிலையம், காலையில் செத்த கசட்டோடு நிற்கும் ஒரு சிமெண்ட் தொட்டி மட்டுமே.

தெளிந்து வரும் நீரில் கிருமிகள் இருக்குமா?

இருக்கும், நிறைய. சுத்திகரிக்காத கழிவுநீரில் 100 மில்லிலிட்டருக்குக் குடல்வாழ் கோலிபார்ம் பாக்டீரியாக்கள் பத்து லட்சம் முதல் ஒரு கோடி வரை இருப்பது இயல்பு. அதில் 99 சதவீதம் போய்விட்டது என்று சொன்னாலும் மிஞ்சுவது பத்தாயிரம் முதல் ஒரு லட்சம். ஆகவே கண்ணுக்குத் தெளிவாக இருப்பது ஒரு சான்றே அல்ல. குளோரின் மலிவானது, ஆனால் மிஞ்சிய குளோரினை நீக்காமல் ஆற்றில் விட்டால் மீன்கள் மடியும். கிரிப்டோஸ்போரிடியம் போன்ற உயிரிகள் அதைப் பொருட்படுத்துவதும் இல்லை. 254 நானோமீட்டர் அலைநீளப் புற ஊதா ஒளி அவற்றையும் முடக்கும். ஆனால் நீர் கலங்கியிருந்தால் ஒவ்வொரு துகளும் ஒரு கிருமிக்கு நிழல் தரும்.

எஞ்சும் கசடு என்ன ஆகிறது?

அழுக்கு எங்கே போயிற்று என்ற கேள்வி வந்து நிற்கும் இடம் இதுதான். 10 லட்சம் பேருக்கு உலர்எடையில் நாளொன்றுக்கு 50 முதல் 60 டன் கசடு வருகிறது என்று கொள்ளலாம். ஆனால் அது உலர்ந்து வருவதில்லை. தொட்டியிலிருந்து எடுக்கும்போது நூற்றுக்கு ஒரு பங்குதான் திடப்பொருள். கெட்டிப்படுத்தி, சுழற்பொறியிலோ அழுத்துபட்டையிலோ பிழிந்தால் திடப்பொருள் 20 சதவீதத்தை எட்டும். கன அளவு இருபதில் ஒன்றாகச் சுருங்கும். அப்படியும் அது ஈரக்களிமண்போல, கையில் எடுத்தால் பிசுபிசுவென்று ஒட்டும் 250 முதல் 300 டன் பொருள். 10 டன் லாரிகளில் ஏற்றினால் தினமும் 25 முதல் 30 நடை. ஞாயிற்றுக்கிழமையும் வரும், மழையிலும் வரும். இதைக் கொண்டுபோக இடமில்லை என்றால் கசட்டை வெளியேற்றுவதை இயக்குநர் தள்ளிப்போடுவார். தொட்டியில் கசடு மிகுந்து ஒரு நாள் தெளிநீரோடு வழிந்து ஆற்றில் சேரும். பல நிலையங்களின் தோல்வி நீர்ப்பக்கத்தில் வெளிப்பட்டாலும் அதன் வேர் கசட்டுப்பக்கத்தில் இருக்கிறது. இயக்கச் செலவிலும் பாதி வரை கசட்டுக்கே போவதுண்டு. இருந்தும், நிலையம் திறக்கும் விழாவில் யாரும் கசட்டு மேடைப்பக்கம் வருவதில்லை.

காற்றில்லாச் செரிப்பான்களில் 35 டிகிரி வெப்பத்தில் சுமார் 20 நாள் வைத்தால் கசட்டின் கரிமப் பொருளில் ஏறத்தாழ பாதி எரிவாயுவாக மாறும். அதில் 60 முதல் 65 சதவீதம் மீத்தேன். மிஞ்சுவதை வயலுக்கு உரமாக அனுப்புவது பழைய வழி. மில்வாக்கி நகரம் 1926 முதல் உலர்த்திய கசட்டை மில்லோர்கனைட் என்ற பெயரில் விற்றுவருகிறது. தொழிற்சாலைக் கழிவு கலக்கும் நகரங்களில் காட்மியம், ஈயம் போன்ற உலோகங்களும், எளிதில் சிதையாத புளோரின் சேர்மங்களும் கசட்டில் சேர்வதால் இந்த வழி பல இடங்களில் சுருங்கிவருகிறது. எரித்துச் சாம்பலாக்கி, அதிலிருந்து பாஸ்பரஸை மீட்பது இன்னொரு வழி. ஜெர்மனி 2017-இல் கொண்டுவந்த விதிப்படி, 2029 முதல் பெரிய நிலையங்கள் பாஸ்பரஸை மீட்டாக வேண்டும்.

மின்சாரம் எவ்வளவு செலவாகிறது?

ஆயிரம் லிட்டருக்கு 0.3 முதல் 0.6 யூனிட் வரை என்பது வழக்கமான அளவு. அதில் ஏறத்தாழ பாதி காற்றூதிகளுக்கு. கசட்டு எரிவாயுவில் மின்சாரம் எடுத்து இதில் கணிசமான பங்கை ஈடுகட்டலாம். ஆஸ்திரியாவின் ஸ்ட்ராஸ் நிலையம் தனக்கு வேண்டியதற்கும் மேலேயே உற்பத்தி செய்து காட்டியிருக்கிறது.

சுத்திகரித்த நீரைக் குடிக்க முடியுமா?

இதுவரை சொன்ன கட்டங்களோடு நின்றால் முடியாது. நமீபியாவின் விண்ட்ஹூக் நகரம் 1968 முதல், மேலும் பல கட்டங்களைச் சேர்த்து, கழிவுநீரிலிருந்து எடுத்த நீரை நேரடியாகக் குடிநீரில் கலந்துவருகிறது. சிங்கப்பூர் 2003-இல் தொடங்கிய நியூவாட்டர், நுண்வடிகட்டல், எதிர்ச் சவ்வூடுபரவல் (ஆர்ஓ), புற ஊதா ஒளி ஆகிய மூன்றையும் கடக்கிறது. அதன் பெரும்பகுதி தொழிற்சாலைகளுக்கும், ஒரு பகுதி நீர்த்தேக்கங்களுக்கும் போகிறது. கலிபோர்னியாவின் ஆரஞ்சு மாவட்டம் 2008 முதல் இவ்வாறு தூய்மையாக்கிய நீரை நிலத்தடிக்கு ஊட்டுகிறது. இங்கேயும் பழைய கேள்வியைக் கேட்க வேண்டும்: எதிர்ச் சவ்வூடுபரவலில் உள்ளே விடும் நீரில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு, விலக்கப்பட்ட உப்பையும் மாசையும் சுமந்துகொண்டு அடர்நீராக வெளியேறுகிறது. கடலோர நகரத்துக்கு அதை விட ஓர் இடம் உண்டு. உள்நாட்டு நகரம் அதற்கும் சேர்த்தே திட்டமிட வேண்டும்.

மருந்துகளும் நுண்பிளாஸ்டிக்கும் நீங்குமா?

நுண்பிளாஸ்டிக்கில் பெரும்பகுதி நீரிலிருந்து நீங்குகிறது, ஆனால் கசட்டில் போய்த் தங்குகிறது. மருந்துகளில் சிலவற்றை நுண்ணுயிர்கள் சிதைக்கும். வலிப்பு நோய்க்கான கார்பமசபின் போன்றவை ஏறக்குறைய அப்படியே கடந்துபோகும். அவற்றுக்கு ஓசோன் அல்லது செயலூட்டப்பட்ட கரி தேவை. சுவிட்சர்லாந்து 2016 முதல் தேர்ந்தெடுத்த நிலையங்களில் இந்தக் கூடுதல் கட்டத்தைச் சட்டப்படி சேர்த்துவருகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024-ஆம் ஆண்டு விதி, இதற்கான செலவில் குறைந்தது 80 சதவீதத்தை மருந்து, அழகுப்பொருள் தயாரிப்பாளர்கள் ஏற்க வேண்டும் என்கிறது.

வீட்டிலிருப்பவர் செய்யக்கூடியது என்ன?

எண்ணெயையும் ஈரத்துடைப்பானையும் குழாய்க்குள் விடாதிருப்பது. இரண்டும் சேர்ந்தால் கல்லாக இறுகும். 2017-இல் லண்டனின் வைட்சேப்பல் பகுதியில் இப்படி இறுகிய கட்டி 250 மீட்டர் நீளமும் 130 டன் எடையும் இருந்தது. அதை உடைத்து எடுக்க வாரக்கணக்கில் ஆயிற்று. துடைப்பான் உறையில் கழிவறையில் போடலாம் என்று அச்சிட்டிருந்தாலும் நம்ப வேண்டாம்; நிலையத்தின் சல்லடைக்கு அது முழுதாகவே வந்து சேர்கிறது.

கழிவுநீரை வைத்து நோயைக் கண்டறிவதாகச் சொல்கிறார்களே, எப்படி?

நிலையத்தின் நுழைவாயிலில் ஒரு சிறு பெட்டி இருக்கும். அது குறிப்பிட்ட இடைவெளியில் கொஞ்சம் கொஞ்சமாக நீரை உறிஞ்சி, 24 மணி நேரத்துக்கான ஒரு கலவையைக் குளிரில் சேர்த்துவைக்கும். அந்த ஒரு புட்டியில் பல லட்சம் பேர் இருக்கிறார்கள். நோய் தெரிந்தவர், தெரியாதவர், மருத்துவரிடம் போகாதவர் எல்லோரும். அதிலுள்ள வைரஸின் மரபுப்பொருளைத் தேடிக் கண்டுபிடித்து, எண்ணிக்கை ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்கிறார்கள். கொரோனா காலத்தில் இது பல நகரங்களில் பரவியது என்றாலும், போலியோவைத் தேடப் பல பத்தாண்டுகளாகவே இருக்கும் வழிதான். இஸ்ரேலில் 2013-இல் கழிவுநீர் மாதிரிகளில் போலியோ வைரஸ் தென்பட்டபோது ஒரு குழந்தைக்கும் கைகால் முடங்கியிருக்கவில்லை; அந்தப் புட்டிகளில் தெரிந்ததை வைத்தே நாடு முழுவதும் குழந்தைகளுக்குச் சொட்டுமருந்து கொடுக்கத் தொடங்கினார்கள்.